வழக்கறிஞர், திவான், துணைவேந்தர்: கேரளத் தமிழ் எல்லைப் பகுதிகளின் வரலாற்றில் இருவர்

1. முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் பொதுவாழ்வுக்கு வந்தோருள் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். நீதிமன்றத்தில் தொடங்கிச் சட்டமன்றம் சென்று, அங்கிருந்து ஆட்சிப் பொறுப்பேற்று, இறுதியில் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அமைவது அக்காலத்தில் பலமுறை காணப்பட்ட வாழ்க்கைப் போக்காகும். ஏலூரில் வழக்கறிஞராகத் தொடங்கி, நீதிக்கட்சி அமைச்சராகி, 1936இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்து, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு இதற்கொரு சான்று. எனினும் இவ்வரிசையில் இருவர் தனித்து நோக்கத்தக்கவர். ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் (1892–1953), மற்றவர் சி.பி. இராமசாமி ஐயர் (1879–1966). இருவரும் தமிழர், இருவரும் சென்னையில் சட்டம் பயின்றவர்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில் அடுத்தடுத்த இரு மலையாளச் சமத்தானங்களில் திவானாக இருந்தவர்கள், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே இருக்கையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் அமர்ந்தவர்கள்.

இவ்வொற்றுமைகளினும் முதன்மையானது ஒன்றுண்டு. இன்று பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு எல்லையாக உள்ள தமிழ் பேசும் பகுதிகள் அன்று இவ்விருவர் ஆட்சியின்கீழ் இருந்தன. சித்தூர் வட்டம் கொச்சியைச் சார்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. தமிழ்த் திவான்கள் இருவரின் ஆட்சி இப்பகுதித் தமிழரின் மொழிக்கும் கல்விக்கும் என்ன செய்தது, அவ்வாட்சியில் உருவான நிலநோக்கு 1956ஆம் ஆண்டின் எல்லை முடிவோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எல்லைப் பகுதிகள்: நிலமும் மக்களும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி. கொங்கு நாட்டிலிருந்து சேர நாட்டுக்குச் செல்லும் இயற்கை வழி அதுவே. கணவாயின் பெரும்பகுதி பிரித்தானியரின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருக்க, அதன் தென்கிழக்கே சித்தூர் வட்டம் மட்டும் கொச்சி அரசின் நிலமாக இருந்தது. மலபாரும் கோயம்புத்தூரும் சூழ, அரசின் பிற வட்டங்களினின்று விலகி நின்ற நிலம் அது. அதன் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. கரிசல் மண்ணும் பனையும் கொண்டு தோற்றத்தில் கொங்கு நாட்டை ஒத்தது. வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி எனப் ‘பதி’ என்னும் ஈறு பெற்ற ஊர்ப்பெயர்கள் அங்குத் தொடர்ந்து வருதல் மொழியாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் தமிழே பெரும்பான்மை வழக்கு. பொள்ளாச்சிச் சந்தையோடும் கொங்கு உறவினரோடும் இவ்வூரார் கொண்டிருந்த தொடர்பு, எர்ணாகுளத்தோடு கொண்டிருந்த தொடர்பினும் நெருக்கமானது.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளின் வரலாறு வேறுவகைப்பட்டது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்கள் அடங்கிய அஞ்சுநாடு பழைய தமிழ்க் குடியிருப்பு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தோர் எனத் தம்மை அம்மக்கள் கூறிக்கொள்வர். மலைவாழ் முதுவர் பேச்சும் தமிழோடு நெருங்கிய உறவுடையது. இவர்களுக்குப் பிற்பட்டு வந்தோர் தோட்டத் தொழிலாளர். 1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. தேயிலை பரவப் பரவத் திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் கங்காணிகள் வழியே மலைக்குச் சென்றன. மலையின் கிழக்குச் சரிவு போடிநாயக்கனூர், கம்பம் பள்ளத்தாக்கோடு இறங்கி இணைகிறது. குமுளிக்கு அருகில் மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோட்டத்துக்குச் சித்திரை முழுமதி நாளில் இருபுறத்து மக்களும் ஏறிச் செல்வது இவ்வுறவின் அடையாளமாகும்.

எனவே சித்தூரில் தமிழர் நிலைத்த உழவர். தேவிகுளத்தில் பழங்குடியினரும் உழவரும் ஒருபால் இருக்கப் பெரும்பான்மையோர் தோட்டக் கூலிகள். இவ்வேறுபாடு பின்னர் எல்லை வாதங்களில் முதன்மை பெற்றது.

3. ஆர்.கே. சண்முகம் செட்டியார்

3.1 சட்டமன்றத்திலிருந்து திவான் பதவிக்கு

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17ஆம் நாள் கோயம்புத்தூரில் ஆலைத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோயம்புத்தூர் நகரவை உறுப்பினர், 1920இல் சென்னைச் சட்டமேலவை உறுப்பினர், பின் மத்திய சட்டமன்றத்தில் சுயராச்சியக் கட்சியின் கொறடா, 1933இல் அம்மன்றத் தலைவர் என விரைந்து உயர்ந்தார். ஜெனீவாத் தொழிலாளர் மாநாடுகளிலும் 1932ஆம் ஆண்டு ஒட்டாவாப் பொருளாதார மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஒட்டாவா உடன்படிக்கையை ஆதரித்தது தேசியவாதிகளின் சினத்தைப் பெற்றுத்தந்தது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். அடுத்த ஆண்டு கொச்சித் திவான் ஆனார்.

3.2 கொச்சியில் ஆறு ஆண்டுகள் (1935–1941)

அவர் காலத்திய கொச்சி ஆட்சியில் இரு செய்திகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. ஒன்று துறைமுகம். பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய கொச்சித் துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சென்னை, கொச்சி, திருவிதாங்கூர், இந்திய அரசு எனப் பலருக்கும் பங்கு இருந்த அம்முயற்சியில் கொச்சியின் வருவாய் உரிமையைக் காப்பது பேரம் பேசத் தெரிந்த ஒரு சட்டவல்லுநரின் பணியாக இருந்தது. மற்றொன்று 1938ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தம். ஆட்சித் துறைகளுள் சிலவற்றைச் சட்டமன்றத்துக்குப் பொறுப்புடைய அமைச்சர் ஒருவரிடம் ஒப்படைக்கும் இரட்டையாட்சி முறை அவ்வாண்டு கொச்சியில் வந்தது. அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். அவர் அவ்வாண்டே மறைய, ஏ.ஆர். மேனன் அப்பொறுப்பை ஏற்றார். இந்தியச் சமத்தானங்களில் இது முன்னோடி முயற்சியாகும்.

இவ்வாட்சி எதிர்ப்பின்றி நடந்ததன்று. திருச்சூர் நகர மின்வழங்கல் உரிமையைத் தனியார் நிறுவனத்துக்கு அளித்ததை எதிர்த்து 1936இல் எழுந்த மின்சாரக் கிளர்ச்சி, கொச்சி அரசியல் விழிப்புணர்வின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ‘வெளியூர்த் திவான்’ என்னும் கண்டனத்துக்கு அக்கிளர்ச்சி வலுவூட்டியது.

சித்தூரை நோக்கும்போது வேறொரு காட்சி புலப்படுகிறது. திவானின் சொந்த ஊராகிய கோயம்புத்தூர் அவ்வட்டத்தின் எல்லையிலிருந்து சிறு தொலைவே. வட்டத்து மக்கள் பேசியதும் அவர் வீட்டில் பேசப்பட்ட கொங்குத் தமிழே. ஆயினும் கொச்சியின் உயர்கல்வி எர்ணாகுளம் மகாராசா கல்லூரியையும் அதனை இணைத்துக்கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தையும் நடுவாகக் கொண்டிருந்தது. சித்தூர் மாணவர் உயர்கல்விக்குப் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரிக்கோ கோயம்புத்தூருக்கோ, அதாவது தம் அரசின் எல்லைக்கு வெளியே, செல்ல வேண்டியிருந்தது. சித்தூரில் அரசுக் கல்லூரி தோன்றியது 1947இல். சண்முகம் செட்டியார் பதவி விலகி ஆறு ஆண்டுகள் கழித்து. தமிழ்த்துறையும் கொண்டு வளர்ந்த அக்கல்லூரியே எல்லைத் தமிழருக்குக் கேரளத்தில் தமிழில் பட்டம் பெறும் வாயிலைத் திறந்தது.

3.3 தமிழ்ப் பணி

கொச்சியிலிருந்து திரும்பிய பின்னரே அவரது தமிழ்ப் பணி முழுமையாக வெளிப்பட்டது. அண்ணாமலை அரசர் தொடங்கிய தமிழிசை இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு உரை எழுதினார். சேர நாட்டு இளவரசரால் பாடப்பட்டதும் கண்ணகி மேற்குமலை ஏறியதைக் கூறுவதுமான காப்பியத்தை, மலைக்கு அப்பால் ஆட்சி செய்து திரும்பிய ஒருவர் உரைகாணத் தேர்ந்தமை குறிக்கத்தக்கது. 1944இல் பிரெட்டன் வுட்சு மாநாட்டில் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1947இல் காங்கிரசுக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்டு விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். வருமானவரி விசாரணைக்குரிய சிலர் பெயர்கள் பட்டியலினின்று நீக்கப்பட்ட சிக்கலில் 1948 ஆகத்தில் பதவி துறந்தார்.

4. சி.பி. இராமசாமி ஐயர்

4.1 வழக்கறிஞரும் ஆட்சியாளரும்

வந்தவாசியில் 1879 நவம்பர் 12ஆம் நாள் பிறந்த சி.பி., 1903இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். ஜே. கிருட்டிணமூர்த்தியின் தந்தை நாராயணையா தம் மக்களைத் திரும்பப் பெறத் தொடுத்த வழக்கில் அன்னி பெசண்டுக்கு எதிராக வாதிட்டார். பின் அதே அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் செயலாளராகப் பணியாற்றினார். 1920இல் மாகாணத் தலைமை வழக்கறிஞர், 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினர். மேட்டூர், பைக்காரா ஆகிய நீர், மின் திட்டங்கள் அவர் கவனத்தைப் பெற்றது அக்காலத்திலேயே. ஆற்றுநீரை வருவாயாகவும் ஆற்றலாகவும் காணும் பார்வை அவரிடம் உறுதிப்பட்டது அங்குத்தான் எனலாம்.

4.2 திருவிதாங்கூரும் மலைநிலமும்

1936 அக்டோபரில் திருவிதாங்கூர்த் திவானானார். அடுத்த மாதமே, நவம்பர் 12இல், கோயில் நுழைவு அறிவிப்பு வெளியாயிற்று. அடுத்திருந்த கொச்சியில் அத்தகைய உரிமை 1947இல்தான் வந்தது என்பதை நோக்க இதன் அருமை விளங்கும்.

மலைநிலத்தைப் பொறுத்தவரை அவர் ஆட்சியின் பெருஞ்செயல் பள்ளிவாசல் மின்திட்டம். மூணாற்றில் முதிரப்புழை நீரைக் கொண்டு 1940இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகும். அம்மின்சாரம் ஆலுவாய்க்குச் சென்றது. 1943இல் அங்கு அலுமினிய ஆலை இயங்கியது; உரத் தொழிற்சாலைக்கும் அவ்வாண்டே அடிகோலப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த மலையே இவ்வாறு திருவிதாங்கூரின் தொழில்வளர்ச்சிக்கு ஊற்றாயிற்று.

பெரியாற்று வழக்கு இதனொடு சேர்த்து எண்ணத்தக்கது. 1886ஆம் ஆண்டுக் குத்தகையின்படி 999 ஆண்டுகளுக்குப் பெரியாற்று நீரைப் பெற்ற சென்னை அரசு, அந்நீரைக் கொண்டு மின்சாரமும் எடுக்க விழைந்தது. குத்தகை பாசனத்துக்கே உரியது என்பது திருவிதாங்கூரின் வாதம். நடுவர் தீர்ப்பு 1941இல் திருவிதாங்கூருக்குச் சார்பாக வந்தது. சென்னை அரசின் சட்ட உறுப்பினராக முன்பு இருந்த ஒருவரே, இப்போது சென்னைக்கு எதிரான அரசின் தலைமையில் நின்றார். தாம் ஏற்ற கட்சிக்காரரின் உரிமையை முழுவதும் நிலைநாட்டுதல் வழக்கறிஞர் தொழிலின் அறம். திவான் பதவியையும் அவர் அவ்வறத்தின்படியே நடத்தினார் என்று கொள்ளலாம். பிற்காலத்தில் 1970ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தத்தாலேயே மின்னுற்பத்தி உரிமை தமிழ்நாட்டுக்கு முறைப்படி கிடைத்தது.

உலகப்போர்க் காலத்து உணவுப் பற்றாக்குறையை ஒட்டி மலைக்காடுகளில் பயிர்செய்ய அரசு இசைவளித்தது. சமவெளியிலிருந்து மலையாள உழவர் மலையேறும் போக்கு இதனால் விரைவுபெற்றது. மொழி எல்லையை மாற்றுவது அன்று அதன் நோக்கமன்று. விளைவு பின்னரே தெரிந்தது.

4.3 திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம்

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது சி.பி. அதன் முதல் துணைவேந்தரானார். திவானும் துணைவேந்தரும் ஒருவரே என்னும் அமைப்பு கல்வியாளரின் தன்னாட்சியைக் குறைக்கும்; ஆனால் அரசின் நிதியும் ஆணையும் பல்கலைக்கழகத்துக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்யும். இரண்டும் நிகழ்ந்தன.

தமிழைப் பொறுத்தவரை அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை மதுரை ஆலையதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் அறக்கொடையால் தோன்றியது. பின்னர் 1950களின் தொடக்கத்தில் எஸ். வையாபுரிப் பிள்ளை அங்குத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவரும் முன்னாளில் வழக்கறிஞரே. வ.அய். சுப்பிரமணியம் அங்குப் பணியாற்றி மொழியியல் துறையை வளர்த்து, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். திருவிதாங்கூர்த் தமிழரின் மொழி உயர்கல்வியில் இடம்பெற, எல்லைக்கு வெளியிலிருந்து ஒரு கொடை வர வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது. அத்துறையும் திருவனந்தபுரத்தில் அமைந்ததேயன்றி மலைநிலத்துக்கு அண்மையதன்று. தோட்டக் குடியிருப்பில் தொடக்கப்பள்ளி முடித்த சிறுவனுக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த தொலைவு வழியின் தொலைவு மட்டுமன்று. மூணாற்றில் அரசுக் கல்லூரி ஏற்பட இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

1946 அக்டோபரில் புன்னப்புரை–வயலார் எழுச்சி படைகொண்டு ஒடுக்கப்பட்டதும், 1947 சூனில் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்குமென அறிவிக்கப்பட்டதும், சூலை 25இல் சி.பி. வெட்டுண்டதும், ஆகத்தில் பதவி விலகியதும் பலரும் அறிந்தவை.

5. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருவர்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் சிதம்பரத்தில் இயங்கிவருவது. கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாமல் ஓரிடத்தே தங்கிப் பயிலும் அமைப்பாகத் தோன்றியது. நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் உரிமை 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இருந்தது. நிறுவனர், அரசு, ஆசிரியர், மாணவர் ஆகியோரிடையே இணக்கம் காணவல்ல ஒருவரை அங்குத் துணைவேந்தர் பதவி வேண்டியது. திவான் பதவி மன்னர், பிரித்தானியப் பேராளர், சட்டமன்றம், மக்கள் ஆகியோரிடையே வேண்டிய திறனும் அதுவே. ஓய்வுபெற்ற திவான்கள் துணைவேந்தராயினமைக்கு இதுவே தலையாய காரணம் எனத் தோன்றுகிறது.

சண்முகம் செட்டியார் 1950களின் தொடக்கத்தில் அப்பொறுப்பை வகித்தார். 1953 மே 5இல் மறைந்தார். அதன்பின் அதே பத்தாண்டில் சி.பி. அப்பொறுப்புக்கு வந்தார். 1954 முதல் 1956 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் துணைவேந்தராக இருந்தார். ஒருவருக்குத் தமிழும் தமிழிசையும் கல்வியின் நடு. மற்றவருக்கு வடமொழி மரபும் ஆங்கிலமும் தொழில்நுட்பமும். நோக்கு வேறாயினும், தாம் ஆண்ட எல்லைப் பகுதிகளின் மொழிநிலை அவர்தம் கல்விப் பணியின் பொருளாக அமையவில்லை என்பதில் இருவரும் ஒத்திருந்தனர்.

6. 1956ஆம் ஆண்டு முடிவும் திவான் காலத்து மரபும்

சி.பி. துணைவேந்தராக இருந்த ஆண்டுகளிலேயே எல்லைச் சிக்கல் உச்சம் பெற்றது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தென்வட்டங்களோடு தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றையும் கோரியது. அதன் தலைவர் ஏ. நேசமணியும் வழக்கறிஞர், எதிர்நின்ற முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளையும் வழக்கறிஞர். 1954இல் மூணாற்றில் தடையை மீறி நேசமணி முதலியோர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஆகத்து 11இல் தென்திருவிதாங்கூரில் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தேவிகுளம் பகுதியில் அரசின் குடியேற்றத் திட்டமும் அக்காலத்தில்தான் வகுக்கப்பட்டது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. தென்வட்டங்கள் நான்கையும் செங்கோட்டையையும் சென்னைக்குப் பரிந்துரைத்த ஆணையம், தேவிகுளத்தில் தமிழர் மிகுதியை அறிந்தும் அதனையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே உரியவாக்கியது. தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்காதவர் என்பதும், அம்மலைகளின் பொருளாதார இன்றியமையாமையும் வாதங்களாக அமைந்தன. சித்தூரும் கேரளத்திலேயே நின்று, 1957 சனவரி 1இல் உருவான பாலக்காட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. இடுக்கி 1972 சனவரி 26இல் தனி மாவட்டமாயிற்று.

இங்கு ஒன்று தெளிவாகிறது. மலையை நீராகவும் மின்னாகவும் தேயிலையாகவும் கண்ட திவான் காலத்து நோக்கு, ஆணையத்தின்முன் வலுவான சான்றாக மாறியது. பள்ளிவாசலும் பெரியாற்றுத் தீர்ப்பும் இல்லையெனின் முடிவு மாறியிருக்கும் என்று கூறுதல் மிகை. அவை அம்முடிவை எளிதாக்கின என்று கூறுதல் பொருந்தும். மூன்று தலைமுறை தேயிலை பறித்தோரை ‘நிலையற்றோர்’ எனக் கொள்ள முடிந்ததற்கு, அவர்க்கு நிலவுரிமையோ மேற்கல்வியோ முந்தைய ஆட்சிகளில் வாய்க்காமையே அடிப்படை. நிலம் உடையவனே ஊருடையவன் என்னும் வழக்கு அவர்க்கு எதிராக நின்றது.

சி.பி.யின் பிற்கால வாழ்வில் ஒரு முரண் உண்டு. தனித் திருவிதாங்கூர் அறிவித்த அவரே, 1960களின் தொடக்கத்தில் தேசிய ஒருமைப்பாடும் வட்டாரவாதமும் பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் பரிந்துரைகளை ஒட்டி 1963இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்தது. கட்சிக்காரர் மாறினார், வழக்கறிஞர் மாறவில்லை எனலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, வழக்கறிஞர் அரசியல்வாதியாகித் துணைவேந்தராவது தற்செயலன்று. உரிமைகளை வரையறுத்து நிறுவனங்களை நடத்தும் ஒரே திறனின் மூன்று நிலைகள் அவை. இரண்டாவது, திவான் தமிழராக இருந்தமை ஆட்சிக்குட்பட்ட தமிழரின் மொழிக்குத் தானாகவே காவலாகவில்லை. சமத்தான ஆட்சியின் பொறுப்பு மன்னருக்கே, மக்கள் மொழிக்கன்று. மூன்றாவது, எல்லைத் தமிழுக்கு நிலைத்த பயன் தந்தவை பெரும்பதவிகளைவிடச் சிறிய நிறுவனங்களே: சித்தூர்க் கல்லூரி, திருவனந்தபுரத் தமிழ்த்துறை, தோட்டங்களிலும் கிழக்குச் சித்தூரிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகள். 1956ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கிய தாய்மொழித் தொடக்கக் கல்வி உரிமையும், அரசுடன் தமிழில் தொடர்புகொள்ள இடந்தரும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் இவற்றுக்குச் சட்ட அரணாயின.

இருவர் புகழும் துறைமுகத்தாலும் மின்நிலையத்தாலும் நூலாலும் நிலைத்துள்ளது. அப்புகழோடு சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ் கற்ற முதல் பட்டதாரித் தலைமுறையின் வரலாறும் எழுதப்படல் வேண்டும். பள்ளிப் பதிவேடுகளும் தோட்டக் கணக்குகளும் முதியோர் நினைவுகளும் அதற்குரிய மூலங்கள். அவை அழியுமுன் தொகுத்தல் தமிழாய்வாளர் கடமையாகும்.